லெமூரியா ஏன் அறிவியல் கோட்பாடு ஆகவில்லை?

லெமூரியா என்ற பெயரைக் கேள்விப்படாத தமிழர் குறைவு. அந்தப் பெயரை வைத்தவர் ஒரு விலங்கியலாளர் என்பது அந்த அளவுக்குத் தெரிந்த செய்தி இல்லை. 1864-இல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேயர் மடகாஸ்கர் தீவின் பாலூட்டிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அந்தத் தீவில் லெமூர்கள் ஏராளம். குரங்குகளுக்குத் தூரத்துச் சொந்தம் அவை. பக்கத்தில் இருக்கும் ஆப்பிரிக்காவில் அவற்றின் உறவினங்கள் கொஞ்சம்தான். ஆனால் இந்தியப் பெருங்கடலின் மறுகரையில், தென்னிந்தியாவிலும் இலங்கையிலும், தேவாங்கு இருக்கிறது. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூர்ப் பகுதியில் 2022-இல் சரணாலயம் அறிவித்தார்களே, அதே தேவாங்குதான். இவ்வளவு பெரிய கடலுக்கு இரண்டு பக்கமும் இந்தச் சொந்தக்காரர்கள் எப்படி வந்தார்கள்? நடுவில் ஒரு கண்டம் இருந்திருக்க வேண்டும், அது பிற்பாடு மூழ்கியிருக்க வேண்டும் என்றார் ஸ்கிளேட்டர். லெமூர்கள் வாழ்ந்த நிலம் என்பதால் லெமூரியா.

அந்தக் காலத்துக்கு இது நியாயமான யோசனை. மலை உச்சிகளில் கடல் சிப்பிகளின் புதைபடிவங்கள் கிடைக்கின்றன; அப்படியானால் தரை உயர்கிறது, தாழ்கிறது என்பது அன்றைய புவியியலாளர்களுக்குத் தெரிந்த விஷயம். மேலே வந்த தரை கீழே போகாதா என்ன? பெரிய பெரிய அறிஞர்கள் லெமூரியாவை ஏற்றுக்கொண்டார்கள். ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் ஹெக்கல் ஒரு படி மேலே போய், மனித இனம் தோன்றிய இடமே அதுவாக இருக்கலாம் என்று எழுதினார்.

ஐம்பது ஆண்டு கழித்து இன்னொருவர் வந்து, கண்டங்கள் மூழ்கவில்லை, அவை இடம்விட்டு இடம் நகர்கின்றன என்றார். கேட்பதற்கு இதுதான் அதிகம் நம்ப முடியாததாக இருக்கிறது. ஆனால் இன்று உலகெங்கும் புவியியல் பாடத்தின் அடித்தளமாக நிற்பது இந்த இரண்டாவது யோசனையிலிருந்து வளர்ந்த தட்டுப் புவியியல் கோட்பாடுதான்; பூமியின் மேலோடு பெரிய பாறைத் தட்டுகளாகப் பிரிந்து மெதுவாக நகர்கிறது என்று சொல்வது அது. ஒரு விளக்கத்தை அறிவியல் கோட்பாடு என்று சொல்ல என்ன தகுதி வேண்டும் என்று கேட்பவர்களுக்கு, இந்த இரண்டு யோசனைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: விளக்குவது எளிது. கண்ணுக்கு முன்னால் இருக்கும் ஒரு விஷயத்துக்குப் பொருந்துகிற மாதிரி ஒரு காரணம் சொல்ல யாராலும் முடியும். ஸ்கிளேட்டருக்குப் பின்னால் வந்தவர்கள் இதைத்தான் செய்தார்கள். பிரேசிலிலும் ஆப்பிரிக்காவிலும் ஒரே ஊர்வனவற்றின் படிவங்கள் கிடைத்தன. அட்லாண்டிக்கின் குறுக்கே ஒரு நிலப்பாலம் இருந்தது என்றார்கள். குளோசாப்டெரிஸ் என்ற பழங்காலத் தாவரத்தின் இலைகள் இந்தியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா என்று மூன்று இடங்களின் பாறைகளிலும் கிடைத்தன; இன்னும் சில நிலப்பாலங்கள் முளைத்தன. பாலம் எங்கே என்று கேட்டால் மூழ்கிவிட்டது. தடயம் எங்கே என்று கேட்டால் அதுவும் பாலத்தோடு மூழ்கிவிட்டது. எந்தப் படிவம் எங்கே கிடைத்தாலும் இந்த விளக்கம் பொருந்தும். கிடைக்காவிட்டாலும் பொருந்தும். எல்லாவற்றுக்கும் பொருந்துவது ஒரு விளக்கத்தின் பலம் என்று தோன்றும். அறிவியலில் அது பலவீனம். உலகம் எப்படி இருந்தாலும் சரியாகிவிடும் ஒரு கூற்று, உலகம் எப்படி இருக்கிறது என்பதைப் பற்றி நமக்கு எதையும் சொல்வதில்லை.

கார்ல் பாப்பர் என்ற தத்துவவாதி 1930-களில் வியன்னாவில் இதை அழுத்தமாகச் சொன்னார். ஒரு கூற்று அறிவியலாக இருக்க வேண்டுமானால், எது நடந்தால் நான் தப்பு என்று ஒப்புக்கொள்வேன் என்பதை அது முன்கூட்டியே சொல்ல வேண்டும். நல்ல நிபந்தனைதான். ஆனால் இது மட்டும் போதாது. லெமூரியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியப் பெருங்கடலின் அடியில் ஒரு கண்டம் கிடக்கிறது என்பது சோதிக்கக்கூடிய கூற்றுதான். கடல்தரைக்குப் போய்ப் பாறையைப் பார்த்தால் தெரிந்துவிடும். 1864-இல் அதற்கு வழி இல்லை, அவ்வளவுதான். சோதிக்க முடிவது ஒன்று, சோதனையில் தேறுவது வேறு. தேறும்வரை அது கருதுகோள். கருதுகோள் என்பது இழிவான பட்டம் ஒன்றும் இல்லை, எல்லாக் கோட்பாடுகளும் அந்த வாசல் வழியாகத்தான் உள்ளே வந்தன.

லெமூரியாவுக்கான சோதனை, கடலுக்குள் யாரும் இறங்குவதற்கு முன்பே, எதிர்பாராத ஓர் இடத்திலிருந்து வந்தது. அதன் தொடக்கம் சென்னையில் இருக்கிறது.

1802-இல் வில்லியம் லாம்டன் பரங்கிமலைக்கு அருகே ஒரு நேர்கோட்டைச் சங்கிலி வைத்து மிகத் துல்லியமாக அளந்தார். இந்தியா முழுவதையும் முக்கோணங்களாகப் பிரித்து அளந்த மாபெரும் நில அளவைக்கு அதுதான் அடிக்கோடு. அளவை வடக்கே நகர்ந்து, ஜார்ஜ் எவரெஸ்ட் காலத்தில் இமயமலை அடிவாரத்தை எட்டியது. அடிவாரத்துக்குப் பக்கத்தில் இருந்த கலியானா, வெகுதூரம் தெற்கே இருந்த கலியான்பூர் என்ற இரண்டு நிலையங்களுக்கு இடையிலான தொலைவை இரு வழிகளில் கண்டார்கள். ஒன்று முக்கோண அளவை. மற்றொன்று நட்சத்திரங்களைப் பார்த்து அட்சரேகையைக் கணிப்பது. இரண்டும் ஒத்துப்போகவில்லை. வேறுபாடு சுமார் 5 விகலை, அதாவது ஒரு பாகையை 3600 பங்காக்கினால் அதில் ஐந்து பங்கு. தரையில் 150 மீட்டருக்கு மேல். அந்த அளவைக்காரர்களின் துல்லியத்துக்கு இது பெரிய தவறு.

கல்கத்தாவில் இருந்த ஜான் பிராட் என்ற பாதிரியார் கணிதம் தெரிந்தவர். நட்சத்திரக் கணிப்புக்கு, செங்குத்துத் திசையைக் காட்டும் தூக்குக்குண்டு வேண்டும். பக்கத்தில் இமயமலை இருப்பதால் அது குண்டைத் தன் பக்கம் இழுத்திருக்கும் என்று அவர் ஊகித்தார். அதோடு விடாமல் 1855-இல் கணக்கும் போட்டார். ஊகம் சரியென்றால் வேறுபாடு சுமார் 16 விகலை வந்திருக்க வேண்டும்! மலை இழுத்தது உண்மை, ஆனால் இழுக்க வேண்டியதில் மூன்றில் ஒரு பங்குதான் இழுத்திருந்தது. அப்படியானால் மலைக்கு அடியில் எடை குறைவாக இருக்கிறது. அதே ஆண்டு ஜார்ஜ் ஏரி என்ற வானியலாளர் இதற்குக் காரணம் சொன்னார். தண்ணீரில் மிதக்கும் மரக்கட்டைகளில் எது வெளியே அதிகம் தெரிகிறதோ, அதுவே உள்ளேயும் அதிகம் இறங்கியிருக்கும். மலைகளும் அப்படி, லேசான பாறையாலான ஆழமான வேரோடு, அடர்த்தியான பாறைமேல் மிதக்கின்றன என்றார்.

இங்கிருந்து லெமூரியாவுக்கு வருவோம். கண்டங்கள் லேசான பாறையால் ஆனவை, பெருங்கடல் தரை அடர்த்தியான பாறையால் ஆனது. லேசானது மிதக்கிறது என்றால், ஒரு முழுக் கண்டம் நாலைந்து கிலோமீட்டர் ஆழத்துக்குப் போய்ப் படுத்துக்கொள்ள முடியாது. விளிம்புகள் நனையலாம், தாழ்வான பகுதிகள் ஆழமற்ற கடலாகலாம். கண்டமே காணாமல் போக இயலாது. தேவாங்குக்கும் தூக்குக்குண்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் உலகம் ஒன்றுதான். ஒரு துறையின் விளக்கம், இன்னொரு துறை சிரமப்பட்டு அளந்து நிறுவியதோடு முட்டினால், இரண்டில் ஒன்று விலகியே ஆக வேண்டும். தனக்குப் பிடித்த ஒரு புதிரை மட்டும் தீர்த்துவிட்டு, பக்கத்து வீட்டுக் கணக்கைப் பற்றிக் கவலைப்படாத விளக்கம் கோட்பாடாக முடியாது.

1912 ஜனவரியில் பிராங்க்பர்ட்டில் ஆல்பிரட் வேகனர் தன் கருத்தை முன்வைத்தபோது இந்த வாதத்தைக் கையில் வைத்திருந்தார். அவர் வானிலை ஆய்வாளர். கண்டங்கள் மூழ்க முடியாது, ஆனால் படிவங்கள் ஒன்றாக இருக்கின்றன. எனவே கண்டங்கள் ஒரு காலத்தில் ஒட்டியிருந்து பிரிந்திருக்க வேண்டும். கரையோரங்கள் பொருந்துவதை மட்டும் அவர் காட்டவில்லை. இன்றைக்கு வெயில் கொளுத்தும் ஒடிசாவின் தால்சேரில், பனியாறு இழுத்து வந்து போட்ட பாறைக்குவியல்களை 1856-லேயே கண்டிருந்தார்கள். தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, தென் அமெரிக்காவிலும் அதே காலத்துப் பனியாற்றுத் தடங்கள் உண்டு. இந்த நிலங்களைத் தென்துருவத்துக்குப் பக்கத்தில் ஒன்றாகச் சேர்த்து வைத்தால், தடங்கள் எல்லாம் ஒரே பனிப்படலத்தின் அடையாளமாகிவிடும்.

இருந்தும் பெரும்பாலான புவியியலாளர்கள், அமெரிக்கர்கள் குறிப்பாக, ஏற்கவில்லை. இதை ஒரு மேதையைப் பழமைவாதிகள் ஒடுக்கிய கதையாகச் சொல்வது வழக்கம். எனக்கு அது சரியாகப் படவில்லை. எதிர்த்தவர்களிடம் உண்மையான காரணங்கள் இருந்தன. கண்டங்களை நகர்த்துவதாக வேகனர் சொன்ன விசைகள் மிக மிகச் சிறியவை என்று ஹரால்ட் ஜெஃப்ரீஸ் கணக்கிட்டுக் காட்டினார். கண்டங்கள் கடல்தரையை உழுதுகொண்டு போக வேண்டுமானால், அவ்வளவு உறுதியான தரை எப்படி வழிவிடும் என்ற கேள்விக்கும் பதில் இல்லை. கிரீன்லாந்து ஆண்டுக்குப் பல மீட்டர் நகர்கிறது என்று வேகனர் நம்பினார். உண்மையில் அது சில சென்டிமீட்டர்தான். அதாவது, எண்ணாக நீட்டிய ஒரே இடத்தில் அவர் கருத்து பெரிதும் தவறியது. 1930 நவம்பரில், கிரீன்லாந்துப் பனியிலேயே, ஓர் ஆய்வுப் பயணத்தின்போது வேகனர் இறந்தார்.

இயங்குமுறை தெரியாததால்தான் அது கோட்பாடாகவில்லை என்று சிலர் சொல்வார்கள். அதுவும் முழுமையான விடை இல்லை. ஈர்ப்பு ஏன் இழுக்கிறது என்று நியூட்டனுக்குத் தெரியாது. பண்புகள் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு எப்படிப் போகின்றன என்பது டார்வினுக்குச் சரியாகத் தெரியாது. அவர்கள் கோட்பாடுகள் நின்றன. வேகனரிடம் இல்லாதது வேறு: ஏற்கெனவே தெரிந்த விஷயங்களை அழகாக அடுக்கினார், ஆனால் இதுவரை யாரும் பார்க்காத ஒன்றைக் காட்டி, போய்ப் பாருங்கள், இப்படித்தான் இருக்கும் என்று சொல்லும் நிலைக்கு அவர் கருத்து வரவில்லை.

அந்த நிலை 1960-களில் வந்தது. இந்தக் கட்டத்தை நான் எத்தனை முறை படித்தாலும் அலுப்பதில்லை.

கடல்களின் நடுவே நீளமான மலைத்தொடர்கள் ஓடுகின்றன. அங்கே அடியிலிருந்து உருகிய பாறை மேலே வந்து புதிய தரையாகிறது, பழைய தரை இரு பக்கமும் விலகிப் போகிறது என்று 1962-இல் ஹாரி ஹெஸ் எழுதினார். கண்டங்கள் தரையை உழ வேண்டியதில்லை. தரையோடு சேர்ந்து போகின்றன. ஆனால் இதுவும் இன்னும் யோசனைதான். அடுத்த ஆண்டு பிரெட் வைன், டிரம்மண்ட் மாத்யூஸ் என்ற இருவர் இதைச் சோதனைக்கு உரியதாக்கினார்கள். எரிமலைக் குழம்பு ஆறும்போது, அதிலுள்ள காந்தத் தாதுக்கள் அப்போதைய பூமியின் காந்தத் திசையை அப்படியே பதிவு செய்துகொள்ளும். பூமியின் காந்தப்புலமோ அவ்வப்போது தலைகீழாகிறது. கடைசியாக அப்படி ஆனது சுமார் 7,80,000 ஆண்டுகளுக்கு முன். அப்படியானால், தொடரிலிருந்து தரை விரிவது உண்மை என்றால், கடல்தரையில் நேர், தலைகீழ், நேர், தலைகீழ் என்று காந்தப் பட்டைகள் இருக்க வேண்டும். தொடரின் இடப்பக்கமும் வலப்பக்கமும் கண்ணாடிப் பிம்பம்போல் ஒத்திருக்க வேண்டும். அவர்கள் பயன்படுத்திய அளவீடுகளில் முக்கியமானவை இந்தியப் பெருங்கடலின் கார்ல்ஸ்பெர்க் தொடரில் எடுக்கப்பட்டவை என்பதையும் சொல்ல வேண்டும். கனடாவின் லாரன்ஸ் மார்லி இதே கருத்தைத் தனியாக எழுதி அனுப்பி, ஆய்விதழ்கள் அதைத் திருப்பி அனுப்பியிருந்தன.

இந்தக் கணிப்பில் எவ்வளவு துணிச்சல் இருக்கிறது என்று பாருங்கள். காந்தத் தலைகீழ் மாற்றங்களின் காலத்தை வேறு சிலர், நிலத்தில் எரிமலைப் பாறைகளைக் கொண்டு கணித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் கடலுக்கும் சம்பந்தமில்லை. அந்தக் காலப் பட்டியல் நீளமான இடைவெளியைக் காட்டினால் கடல்தரைப் பட்டை அகலமாக இருக்க வேண்டும். குட்டையைக் காட்டினால் குறுகலாக. ஒரு பட்டை பிசகினாலும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். எல்டானின் என்ற ஆய்வுக்கப்பல் தென் பசிபிக்கில் எடுத்த பதிவுகள் 1966-இல் வெளியாயின. இடமும் வலமும் அப்படியே ஒத்திருந்தன, நிலத்தில் கணித்த காலப் பட்டியலோடும் பொருந்தின. 1968-இல் குளோமர் சாலஞ்சர் கப்பல் தென் அட்லாண்டிக்கில் துளையிடத் தொடங்கியது. தொடரிலிருந்து தள்ளிப்போகப் போக, துளையின் அடியில், கடல்தரைப் பாறைக்குச் சற்று மேலே கிடைத்த படிவுகளின் வயது சீராகக் கூடியது.

இன்னொன்று. நடுக்கடல் தொடர் சில இடங்களில் வெட்டுப்பட்டு, பக்கவாட்டில் தள்ளி மறுபடி தொடரும். படத்தைப் பார்த்தால் தரை எந்தத் திசையில் நகர்ந்தது என்று சட்டென்று சொல்லிவிடலாம் போலிருக்கும். தரை விரிவது உண்மையானால், அங்கே நிலநடுக்கத்தின்போது பாறை நகரும் திசை கண்ணுக்குத் தோன்றுவதற்கு நேர் எதிராக இருக்க வேண்டும் என்றார் டூசோ வில்சன், 1965-இல். இரண்டு ஆண்டு கழித்து லின் சைக்ஸ் நிலநடுக்கப் பதிவுகளை அலசினார். எதிர்த்திசைதான்.

தேவாங்கையும் இலைப் படிவத்தையும் வைத்து யோசித்துக்கொண்டிருந்த யாரும் காந்தப் பட்டைகளைத் தேடவில்லை. கோட்பாடு அங்கே போகச் சொன்னது, போனார்கள், இருந்தது. ஒரு விளக்கம் தான் பிறந்த இடத்தைத் தாண்டி, தனக்குத் தெரியாத ஊரிலும் சரியாக வழி சொல்வதுதான் அதைக் கோட்பாடாக்குகிறது. அப்புறம் மற்றவை தாமாக வந்து சேர்ந்தன: இமயமலை ஏன் உயர்கிறது, எரிமலைகள் ஏன் வரிசையாக இருக்கின்றன, நிலநடுக்கங்கள் ஏன் சில கோடுகளில் மட்டும் குவிகின்றன. கோட்பாட்டைத் தகர்க்கவும் இன்றுவரை வழி திறந்தே இருக்கிறது. பெருங்கடல்களில் நூறு கோடி ஆண்டுப் பழமையான ஆழ்கடல் தரை பரவலாகக் கிடைத்தால் போதும். நிலத்தில் 400 கோடி ஆண்டுப் பாறை உண்டு. பெருங்கடல் தரையில் 20 கோடியைத் தாண்டுவதே அரிது.

கோட்பாடு நன்றாக நிரூபணமானால் விதியாகிவிடும் என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. அப்படிப் பதவி உயர்வு எதுவும் இல்லை. வாயுவை அழுத்தினால் கன அளவு எப்படிக் குறையும் என்று சொல்வது பாயில் விதி. ஏன் அப்படிக் குறைகிறது என்று மூலக்கூறுகளின் ஓட்டத்தை வைத்து விளக்குவது கோட்பாடு. இரண்டும் வேறு வேறு வேலைகள்.

சரி, லெமூரியா என்ன ஆனது? அது இருந்திருக்க வேண்டிய இடத்தில் கடல்தரை அளக்கப்பட்டுவிட்டது. பெரும்பகுதி இளம் எரிமலைப் பாறை. காந்தப் பட்டைகளைப் பின்னோக்கி நகர்த்தினால் இந்தியா, மடகாஸ்கர், ஆப்பிரிக்கா, அண்டார்க்டிகா எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்துவிடுகின்றன. மடகாஸ்கரை விட்டு இந்தியா பிரிந்தது சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன். மொரீஷியஸுக்கு அடியில் பழைய கண்டத்துண்டு ஒன்று இருப்பதாக 2013-இல் செய்தி வந்ததே என்று கேட்பவர்கள் உண்டு. அது கண்டங்கள் பிரிந்தபோது இழுபட்டு மெலிந்த சிறு துண்டு. கோட்பாடு அதற்கு இடம் கொடுக்கிறது. மனிதர்கள் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகள் முந்தைய சமாச்சாரம் அது.

லெமூர்களின் கதை இன்னும் சுவையானது. மடகாஸ்கர் தனித்தீவான பிறகுதான் அவற்றின் மூதாதைகள் அங்கே வந்தன. ஆப்பிரிக்காவிலிருந்து மிதந்து வந்த மரங்களையும் செடிகொடித் திட்டுகளையும் பற்றிக்கொண்டு கடல் தாண்டியிருக்க வேண்டும் என்பதே இன்று பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. ஆக, ஸ்கிளேட்டர் தொடங்கிய புதிருக்கு மூழ்கிய கண்டமும் தேவைப்படவில்லை, நகர்ந்த கண்டமும் நேரடி விடை ஆகவில்லை. ஒரு நல்ல கோட்பாடு எல்லாக் கேள்விக்கும் தானே பதில் என்று உரிமை கொண்டாடுவதில்லை.

தமிழில் லெமூரியா குமரிக்கண்டத்தோடு சேர்ந்து, பள்ளிப் பாடநூல்வரை போனது. கடல் கொண்ட நிலத்தைப் பற்றிச் சிலப்பதிகாரம் பேசுவது உண்மை. அந்த நினைவை மதிப்பவர்கள், அதை ஸ்கிளேட்டரின் கைவிடப்பட்ட கருதுகோளோடு கட்டிப்போட வேண்டியதில்லை என்பது என் உறுதியான எண்ணம். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றைவிட ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்வாக இருந்தது. தமிழகக் கரை வெகுதூரம் வெளியே இருந்தது, இலங்கைக்கு நடந்தே போகலாம். அந்தக் கரை எப்போது, எவ்வளவு வேகமாக மூழ்கியது, அதில் யாராவது வாழ்ந்தார்களா என்பதெல்லாம் ஆழத்தை அளந்தும், படிவுகளைத் துளையிட்டும், காலம் கணித்தும் விடை தேடக்கூடிய கேள்விகள். விடை நமக்குப் பிடித்த மாதிரி வராமலும் போகலாம் என்பதை ஏற்றுக்கொண்டு தேடினால் அது அறிவியல்.

தட்டுப் புவியியலுக்கும் விடை பிடித்த மாதிரி வராத நாள்கள் உண்டு. இளம் கடல்தரை வேகமாக இன்னொரு தட்டின் அடியில் போகும் இடங்களில்தான் மிகப்பெரிய நிலநடுக்கங்கள் வரும், பழைய தரை மெதுவாகப் போகும் இடங்களில் வராது என்ற கருத்து 1980-களிலிருந்து செல்வாக்கோடு இருந்தது. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவிலிருந்து அந்தமான் வரை சுமார் 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குத் தட்டு விளிம்பு பிளந்தது, நிலநடுக்கத்தின் அளவு 9.1. நாகப்பட்டினத்தையும் கடலூரையும் முல்லைத்தீவையும் அழித்த அலை அங்கிருந்து வந்தது. அந்தமான் பக்கம் அடியில் போகும் தரை பழையது, மெதுவானது. 2011-இல் ஜப்பானும் அதே பாடத்தைச் சொன்னது. தட்டுகள் நகர்கின்றன என்ற அடித்தளத்துக்கு இதனால் ஒன்றும் ஆகவில்லை, ஏனெனில் அந்த நிலநடுக்கங்கள் நடந்ததே ஒரு தட்டு இன்னொன்றின் அடியில் போகும் விளிம்பில்தான். அதன்மேல் கட்டியிருந்த ஓர் அறை மட்டும் இடிந்தது. தாய்லாந்தின் ஒரு தீவில் ஆய்வாளர்கள் தரையைத் தோண்டிப் பார்த்தபோது, 550 முதல் 700 ஆண்டுகளுக்கு முன் இதே அளவு அலை ஒன்று விட்டுச்சென்ற மணல் அடுக்கு கிடைத்தது. எந்தத் தட்டு விளிம்பையும் பாதுகாப்பானது என்று ஒதுக்கிவிடக் கூடாது என்று இப்போது பலரும் சொல்கிறார்கள். ஐதராபாத்தில் 2007 முதல் இயங்கும் சுனாமி எச்சரிக்கை மையம், இந்தியப் பெருங்கடலில் நிலம் நடுங்கிய சில நிமிடங்களில் அலை எங்கே எப்போது வரும் என்று கணித்துவிடுகிறது. அடுத்த நிலநடுக்கம் எந்த நாளில் வரும் என்று மட்டும் அதனால் சொல்ல முடியாது. அதைச் சொல்லும் கோட்பாடு இன்னும் யாரிடமும் இல்லை.